ஜன்னலோர அலமாரியில் ஆறு மாதம்: ஒரு விதைக் குழுவின் கடலை ஏன் முளைக்கவில்லை

இது விழுப்புரம் மாவட்டத்தில் நாட்டு விதைகளைச் சேர்த்துப் பகிரும் ஒரு சிறு குழுவில் நடந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. முளைப்புச் சோதனைகளின் முடிவைச் சதவீதத்தில் எழுதாமல் 'பாதிக்கு மேல்', 'மூன்றில் ஒரு பங்கு' என்றே சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் 50 விதைதான் வைத்தோம். அத்தனை குறைந்த எண்ணிக்கையில் ஐந்தாறு விதை வித்தியாசம் தற்செயலாகவே வரும். அதைச் சதவீதமாக்கினால் இல்லாத துல்லியம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

பின்னணி

குழுவுக்கு ஊர் நடுவே ஒரு பழைய ஓட்டு வீடு இருக்கிறது. முன்னறையில் மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல். உள்ளறைக்கு ஜன்னலே கிடையாது, பகலிலும் விளக்குப் போட வேண்டும். தொடக்கத்தில் விதையெல்லாம் உள்ளறையில்தான் இருந்தது. நிலக்கடலை காயாகவே சாக்கில், பயறு வகைகள் செம்மண் பூசிக் காயவைத்துப் பானையில், கத்தரி விதை சாம்பலில் புரட்டித் துணி முடிச்சில்.

தை மாதம் ஒரு விதைத் திருவிழா நடத்தினார்கள். வருகிறவர்கள் பார்க்க வேண்டும், குழந்தைகள் தொட்டுக் கேட்க வேண்டும் என்பதற்காக மிட்டாய்க் கடையில் இருக்கும் வாய் அகன்ற கண்ணாடி ஜாடிகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு விதையை நிரப்பி, ஜன்னல் ஓரமாக ஒரு மர அலமாரியில் மூன்று வரிசையாக அடுக்கினார்கள். கடலையை ஓட்டோடு வைத்தால் அழகில்லை என்று உடைத்துப் பருப்பாக்கி வைத்தார்கள். பச்சைப்பயறின் செம்மண்ணைக் கழுவிவிட்டுத் துடைத்து வைத்தார்கள். கத்தரி விதையை அந்த வாரம்தான் பழத்திலிருந்து எடுத்து, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, ஜாடியில் போட்டு மூடினார்கள். திருவிழாவுக்கு நானும் போயிருந்தேன். அலமாரி நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். அந்தப் படம் பிறகு பயன்பட்டது.

திருவிழா முடிந்தும் அலமாரி அங்கேயே இருந்தது. மாசி, பங்குனி போய், கத்திரி வெயிலும் போய், ஆடிப் பட்டத்துக்கு விதை கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர்களுக்கு உள்ளறைச் சாக்கிலிருந்தும் பானையிலிருந்தும் கொடுத்தார்கள். அது ஏறக்குறைய தீர்ந்த பிறகு வந்தவர்களுக்கு அலமாரி ஜாடியிலிருந்து, வீட்டுக்கு ஒரு படி கடலை, ஒரு கைப்பிடி பயறு, ஒரு சிட்டிகை கத்தரி விதை. நாலு பாத்தி போட்டுப் பெருக்கிக்கொள்ளத்தான்.

புகார்

பத்துப் பன்னிரண்டு நாளில் முதல் ஆள் திரும்பி வந்தார். "அக்கா, பார்க்க மினுமினுன்னுதான் இருந்துச்சு. மண்ணுல போட்டா அங்கொண்ணு இங்கொண்ணுதான் தலை காட்டுது" என்றார். அடுத்து இன்னும் இரண்டு வீடு. கத்தரி நாற்றங்காலிலும் வழுக்கை விழுந்திருந்தது. சாக்கிலிருந்து கடலை வாங்கிப்போனவர்களிடம் கேட்டால், பழுதில்லாமல் வந்திருக்கிறது என்றார்கள்.

உடனே பேச்சு கிளம்பியது. விதையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று ஒருவர். கடை விதை கலந்துவிட்டது என்று இன்னொருவர். குழுவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எனக்குப் போன் செய்தபோது குரலில் வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. மறுநாள் போனேன்.

கவனித்தவை

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இரண்டும் ஒரே கடலையா என்பது. ஒரே காட்டில், ஒரே கார்த்திகை அறுவடையில் எடுத்தது என்று கணக்கு நோட்டில் இருந்தது. சாக்கில் மிச்சமிருந்த காய்களை உடைத்து, பருப்பின் அளவையும் தோலின் நிறத்தையும் ஒப்பிட்டோம். ரகம் மாறவில்லை.

அடுத்து ஜாடிகள். பச்சைப்பயறு ஜாடியில் ஒரு பெரிய வெள்ளைக் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஜாடியைத் தூக்கும்போது அந்தக் காகிதம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்ததைக் கவனித்தேன். ஓரத்தைத் தண்ணீர் தொட்டு மெல்ல உரித்தேன். காகிதம் இருந்த இடத்தில் பயறு கரும்பச்சையாக ஒரு சதுரம். அதைச் சுற்றிக் கண்ணாடியை ஒட்டியிருந்த பயறு முழுக்க வெளிறி, வைக்கோல் நிறத்துக்குப் போயிருந்தது. ஆறு மாதமாக யாரும் அந்த ஜாடியைக் குலுக்கவில்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. அக்கா அந்தச் சதுரத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் 'வெயில் பட்டதுதான் காரணம்' என்ற முடிவு அந்த நிமிடமே எழுந்துவிட்டது. எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் தோன்றியது.

கடலை ஜாடியில் இவ்வளவு தெளிவான கோடு இல்லை. கண்ணாடி ஓரத்துப் பருப்பின் தோல் கொஞ்சம் கருத்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் மூடியைத் திறந்ததும் காறல் வாடை அடித்தது. ஒரு பருப்பை இரண்டாகப் பிளந்தால் உட்புறம் மஞ்சள் பாய்ந்திருந்தது. சாக்குக் கடலையைப் பிளந்து பக்கத்தில் வைத்தால் அது பால் வெள்ளை.

கத்தரி ஜாடி இன்னொரு கதை. மூடியின் உட்பக்கம் சிறு சிறு நீர்த்துளி காய்ந்த தடம். விதை அங்கங்கே கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. வறுத்து ஆறவைத்த உப்பை ஒரு உலர்ந்த சீசாவில் போட்டு, கூடவே கொஞ்சம் விதையும் போட்டுக் குலுக்கினோம். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. விதை சரியாகக் காயவில்லை என்பதற்கு இதைவிடச் செலவில்லாத சோதனை எனக்குத் தெரியாது. சான்று பெற்ற கத்தரி விதைக்கு ஈரப்பதம் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காற்றுப் புகாத கலத்தில் அடைப்பதானால் 6. அடைத்து வைக்கிறவர்கள் இன்னும் நன்றாகக் காயவைக்க வேண்டும் என்பது பலருக்குத் தலைகீழாகத் தெரிகிறது. மூடிவிட்டோமே, இனி என்ன என்று நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஈரமும் சேர்ந்துதான் மூடப்படுகிறது. பகலில் ஜாடி சூடாகும்போது விதையிலிருந்து ஈரம் வெளியேறும். இரவில் கண்ணாடியும் மூடியும் குளிரும்போது துளியாகி அதே விதை மேல் சொட்டும்.

தை மாதம் எடுத்த படத்தை அப்போது போனில் தேடி எடுத்தேன். மாலை நேரத்தில் எடுத்தது. வெயில் நடு வரிசையில் மட்டும் பட்டையாக விழுந்திருந்தது. நாங்கள் பார்த்த மூன்று ஜாடியும் நடு வரிசை. சரி, வெயில்தான் என்று அதோடு முடித்திருக்கலாம். ஆனால் வெயில் என்பதில் ஒளியும் இருக்கிறது, சூடும் இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு அந்த ஜாடிகளைத் தொட்டால் உள்ளங்கையில் சூடு நன்றாகவே தெரிந்தது. உள்ளறைப் பானை சில்லென்று இருந்தது.

விதைக்குள் நடப்பது

காய்ந்த விதை தூங்குகிறது என்போம். உயிரின் வேலைகள் ஏறக்குறைய நின்றிருக்கும், வேதியியல் நிற்பதில்லை. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். நிலக்கடலைப் பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அந்த எண்ணெயிலும், செல்களைச் சுற்றியிருக்கும் சவ்விலும் உள்ள கொழுப்பு அமிலங்களை ஆக்சிஜன் மெல்ல மெல்லத் தாக்குகிறது. ஒரு மூலக்கூறு உடைந்தால் அதிலிருந்து கிளம்பும் நிலையற்ற துண்டு (ஃப்ரீ ராடிக்கல்) பக்கத்து மூலக்கூறைத் தாக்கும், அது அடுத்ததை. சமையலறையில் எண்ணெய் காறிப்போவதும் இதே சங்கிலிதான். விதையில் சவ்வு கிழிகிறது, புரதம் கெடுகிறது, மரபுப் பொருளான டிஎன்ஏவிலும் வெட்டு விழுகிறது. இதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள்.

விதையிடம் தற்காப்பும் உண்டு. வைட்டமின் ஈ, குளுட்டாத்தயோன் போன்றவை அந்த ராடிக்கல்களைப் பிடித்து அடக்குகின்றன. ஆனால் காய்ந்த விதை இவற்றைப் புதிதாகத் தயாரிக்க முடியாது. கையிருப்பைச் செலவு செய்துகொண்டே இருக்கும். தண்ணீர் பட்டு ஊறிய பிறகுதான் பழுது பார்க்கும் வேலை தொடங்கும். அதற்குள் சேதம் எல்லை மீறியிருந்தால் விதை மண்ணிலேயே அழுகிவிடும்.

ஒளி எங்கே நுழைகிறது? பச்சையம், ரைபோஃபிளேவின் போன்ற நிறப்பொருட்கள் ஒளியை வாங்கி, அந்த ஆற்றலைப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிடும். ஆற்றல் ஏறிய அந்த ஆக்சிஜனை ஒற்றைநிலை ஆக்சிஜன் என்பார்கள். கொழுப்பில் லினோலிக் அமிலத்தை அது தாக்கும் வேகம் சாதாரண ஆக்சிஜனைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரின் கடுமையான பகுதியைத் தடுத்துவிடும். மிச்சமுள்ள புற ஊதாவும் நீல ஒளியும் தாராளமாக உள்ளே வரும்.

சூடும் ஈரமும் இதே சங்கிலியை வேகப்படுத்துகின்றன. ஹாரிங்டன் என்ற விதை அறிவியலாளர் சொன்ன தோராய விதியை இத்துறையில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் சேமிப்பு ஆயுள் இரட்டிப்பாகும். வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிப்பாகும். ஈரப்பதம் 5 முதல் 14 சதவீதம் வரைக்கும்தான் இந்தக் கணக்கு. ஒளிக்கு இப்படி ஒரு கைக்கணக்கு கிடையாது. உலகின் பெரிய விதை வங்கிகள் நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப் புகாத பையில் அடைத்து மைனஸ் 18 டிகிரி குளிரில் வைக்கின்றன. அங்கே ஒளியைப் பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை. மேற்கு ஜன்னலில் ஜாடி வைப்பவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி.

பிரித்துப் பார்த்தது

ஒளியும் சூடும் சேர்ந்தே வருவதால் எது எவ்வளவு என்று சொல்வது கடினம். ஆனால் ஜாடி தனக்குள்ளேயே ஒரு சோதனையை வைத்திருந்தது. ஒளி கண்ணாடியை ஒட்டிய ஒன்றிரண்டு அடுக்கு விதைக்கு மேல் போகாது. சூடும் ஈரமும் ஜாடி முழுக்கப் பரவும். நடுவிலிருக்கும் விதை நன்றாக முளைத்து ஓரத்து விதை மட்டும் செத்திருந்தால் பழி ஒளி மேல். இரண்டும் செத்திருந்தால் சூட்டையும் ஈரத்தையும் கேட்க வேண்டும்.

கடலை ஜாடியில் மிச்சமிருந்ததைக் குலுக்காமல், நீளக் கரண்டியால் நடுவிலிருந்து முதலில் எடுத்தோம். பிறகு ஜன்னல் பக்கக் கண்ணாடியை ஒட்டி நின்ற பருப்பைத் தனியாக. மூன்றாவதாகச் சாக்குக் காயை உடைத்து எடுத்தது. பயறை முறத்தில் கொட்டி, வெளிறியதையும் பச்சையாக இருந்ததையும் கையால் பிரித்தோம். கடலையை ஈர மணலில் 10 நாள், பயறை ஈரச் சாக்கில் 7 நாள் வைத்தோம்.

கடலையில் சாக்குப் பருப்பு பத்தில் எட்டுக்கு மேல் முளைத்தது. ஜாடியின் நடுப் பருப்பு பாதியை ஒட்டி நின்றது. ஓரப் பருப்பு மூன்றில் ஒரு பங்குதான். முளைத்ததிலும் பல, வேர் தடித்துக் குருத்து எழாமல் கோணல். கூடவே ஒவ்வொன்றிலும் 25 பருப்பை டம்ளர் தண்ணீரில் இரவு ஊறவைத்தோம். காலையில் சாக்குப் பருப்பின் தண்ணீர் லேசாகத்தான் நிறம் மாறியிருந்தது. ஓரப் பருப்பின் தண்ணீர் அரிசி கழுவிய கழுநீர் போலக் கலங்கி வழுவழுப்பாக இருந்தது. சவ்வு கிழிந்து உள்ளே இருப்பது கசிந்துவிட்டது. ஆய்வகத்தில் இதையே மின்கடத்துத்திறனாக அளக்கிறார்கள்.

பயறுதான் எல்லோரையும் குழப்பியது. வைக்கோல் நிறத்துக்குப் போன பயறும் பச்சைப் பயறும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, நன்றாகவே முளைத்தன. அன்று அந்தச் சதுரத்தைப் பார்த்துவிட்டு நான் தீர்ப்புச் சொல்லியிருந்தால் நல்ல பயறைக் குப்பையில் கொட்டியிருப்பார்கள். வெளிறியது தோலில் இருந்த பச்சையம். தோலுக்கு உள்ளே முளைக்குருத்து பத்திரமாக இருந்தது. பயறில் எண்ணெய் மிகக் குறைவு, தோலும் கெட்டி. கடலைக்கு அந்த வசதி இல்லை. அதன் பாதுகாப்பெல்லாம் ஓடுதான், அதை நாம் உடைத்துவிட்டோம்.

ஆக, கடலையில் பெரிய சேதம் சூட்டினாலும், ஓடு உடைத்ததாலும். ஒளி அதன் மேல் கொஞ்சம் கூட்டியது. கத்தரியில் முதல் குற்றவாளி ஈரம். பயறில் ஒளி நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. விதையை யாரும் மாற்றவில்லை.

எடுத்த முடிவுகள்

ஜாடி விதையைக் கொடுப்பதை அன்றே நிறுத்தினோம். 'கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் முளைக்கிறது முளைக்கட்டும்' என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. வயதான விதை முளைப்புத்திறனை இழப்பதற்கு முன்னாலேயே வீரியத்தை இழந்துவிடும். முளைத்து வரும் செடியும் சவலையாக நிற்கும், களையோடு போட்டி போடாது. அதுவும் பெருக்குவதற்காகப் போடும் பாத்தியில் பாதிச் செடி போனால், எஞ்சியதிலிருந்து எடுக்கும் விதையில் ரகத்தின் பல சாயல்கள் விட்டுப்போகும். கடலை வாங்கி ஏமாந்த மூன்று வீட்டுக்கும், ஒரு உறுப்பினர் தன் வீட்டுப் பரணில் காயாகவே வைத்திருந்த அதே ரகத்தைப் பங்கிட்டுக் கொடுத்தோம். ஆடி முடிவதற்குள் விதைத்துவிட்டார்கள். கத்தரிக்கு வேறு வழியில்லை, முளைத்த நாற்றை மட்டும் நட்டார்கள்.

அலமாரியை என்ன செய்வது என்பதில் வாக்குவாதம். குழுவில் படித்த ஒரு தம்பி, எல்லா ஜாடியையும் கருப்புக் காகிதத்தில் சுற்றிவிட்டால் போதும், ஒளிதானே பிரச்சினை என்றார். அதே ஜன்னலில் கருப்புக் காகிதம் சுற்றினால் ஜாடி இன்னும் சூடாகும் என்றேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு அய்யா, "எங்க காலத்துல பானைதான், ஒண்ணும் கெடலையே தம்பி" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. பானை இருட்டைத் தரும், சில்லென்றும் இருக்கும். ஆனால் ஐப்பசி அடைமழையில் மண் பானை ஈரத்தை உள்ளே விடும். பயறுக்குச் செம்மண் பூச்சோடு அது போதும். கத்தரி மாதிரிச் சின்ன விதைக்குப் போதாது.

கடைசியில் முடிவானது இது. கடலை எப்போதும் காயாக, உள்ளறைச் சாக்கில், தரையில் படாமல் கட்டை மேல். உடைப்பது விதைப்பதற்கு ஒரு வாரத்துக்குள். கத்தரி, மிளகாய் விதையை நன்றாகக் காயவைத்து, சிறு தகர டப்பாவில், அடியில் சூடாக வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு. வறுத்த அரிசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், சிலிக்கா ஜெல் வாங்க ஊரில் கடை இல்லை. அலமாரி முன்னறையிலேயே இருக்கும், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில். ஜாடியில் போடுவது பார்வைக்கு மட்டும். ஒவ்வொன்றிலும் 'விதைக்க அல்ல' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு

தம்பிக்கு என் பதில் முழுத் திருப்தி தரவில்லை. ஒளிக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்துவிடலாம் என்றார். அடுத்த தையில் ஒரே கடலையை உடைத்து மூன்று ஜாடி நிரப்பினார். ஒன்று பழைய ஜன்னலில் வெறுமையாக, ஒன்று அதே ஜன்னலில் அலுமினியத் தாள் சுற்றி, ஒன்று உள்ளறையில். கொஞ்சம் காயாகச் சாக்கில். ஆடியில் எல்லாவற்றையும் மணலில் வைத்தோம்.

காய்தான் முன்னால். உள்ளறை ஜாடி அதற்குச் சற்றுக் கீழே. ஜன்னல் ஜாடி இரண்டும் வெகுவாகப் பின்தங்கின. தாள் சுற்றியது வெறும் ஜாடியைவிடக் கொஞ்சம் மேல், ஆனால் 50 விதையில் அந்த வித்தியாசத்தை அடித்துச் சொல்ல முடியாது. வாடையில் மட்டும் சந்தேகமே இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு முகர்ந்தாலும் வெறும் ஜாடி எது என்று சொல்லிவிடலாம், அவ்வளவு காறல். அலுமினியத் தாள் ஒளியோடு கொஞ்சம் சூட்டையும் திருப்பி அனுப்பும் என்பதால் இது சுத்தமான ஒப்பீடு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

திருவிழா முடிந்த அன்றே ஜாடிகளைக் காலி செய்து உள்ளறைக்குக் கொண்டுபோயிருந்தால் இந்தப் பதிவே இருக்காது. கொடுப்பதற்கு முன் ஒரு ஈரச்சாக்குச் சோதனை வைத்திருந்தாலும் போதும். 10 நாள் ஆகும், சாக்குக்கும் தண்ணீருக்கும் காசு கிடையாது. இப்போது ஆனி பிறந்ததும் அதைச் செய்கிறார்கள். எந்தப் பாத்திரத்திலிருந்து யாருக்குக் கொடுத்தது என்று நோட்டில் தனிப் பத்தி போட்டிருக்கிறார்கள். அந்தத் தடவை அது நினைவில் இருந்ததால்தான் சாக்கையும் ஜாடியையும் பிரித்துப் பார்க்க முடிந்தது.

என் பக்கத்தில், கத்தரி ஜாடியையும் நடு, ஓரம் என்று பிரித்துச் சோதித்திருக்க வேண்டும். கட்டி தட்டியதைப் பார்த்ததும் ஈரம்தான் என்று முடிவு செய்து, மிச்ச விதையை உப்புச் சோதனைக்கே செலவழித்துவிட்டேன். ஒரு வெப்பமானியை ஜாடிக்குள்ளும் உள்ளறையிலும் வைத்து எழுதியிருந்தால், கையால் தொட்டுச் சொன்ன சூடு எத்தனை டிகிரி என்று இப்போது தெரிந்திருக்கும். மூன்றாவது வரிசையில் ஒரு எள் ஜாடி இருந்தது. அதையும் சோதிக்க எடுத்துவைத்தோம். திறப்பதற்குள் யாரோ எள்ளுருண்டை பிடித்துவிட்டார்கள்.